கோவில் வளாகத்தில் ஆட்டிசம் பரிசோதனைக் கடை வேண்டாம்: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாநிலத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், தொங்காட், ஐசிப்பிங்கோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரங்களில் கோவில்களையும் தமிழ்ச் சங்கங்களையும் நடத்திவரும் பெரியோர்களுக்கும் இளைய பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கஞ்சிக்கும் புரட்டாசிக்கும் கூட்டம் கூடும்போது, அதையொட்டி நலவாழ்வு முகாம் நடத்துவதை நம் அமைப்புகளில் பல ஒரு தொண்டாகவே செய்துவருகின்றன. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் அதன் பயனை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் அண்மையில் சென்றுவந்த முகாம்களில், குழந்தைக்கு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காணும் வளர்ச்சி நிலை) இருக்கிறதா என்று தலைமுடியைக் கொண்டோ, ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டோ, எச்சிலைக் கொண்டோ கண்டுசொல்வதாகக் கூறும் தனியார் கடைகளும் இடம்பிடித்திருந்தன. அத்தகைய கடைகளுக்கு இனி இடம் ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும், அந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம் என்று சொல்லவுமே இம்மடலை எழுதுகிறேன்.

நான் இம்மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். மரபணு அறிவியல் என் துறை அன்று. ஆயினும் அத்துறையின் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்று கேட்ட தாய்மார் என் மேசைக்குத்தான் வந்தார்கள். அதனால் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு முகாமில் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கோவில், எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. பந்தலின் ஓரத்தில், சர்க்கரை பார்க்கும் மேசைக்கு அடுத்தாற்போல், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. அதன்மேல் சிறு கத்தரிக்கோல், பஞ்சு, பெயரெழுதும் காகித உறைகள், வங்கி அட்டை வாங்கும் கருவி. தவில் சத்தம் பொறுக்காமல் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்ட நான்கு வயதுப் பையனை அவன் ஆயா (பாட்டி) இழுத்துப் பிடித்துக்கொள்ள, பின்கழுத்தருகே ஒரு கொத்து முடியை வெட்டி உறையில் இட்டார்கள். பிறகு அந்தப் பையனின் தாய் என்னிடம் கொண்டுவந்த அறிக்கை பளபளப்பான தாளில் பல பக்கங்கள் இருந்தது. ஈயம், பாதரசம், அலுமினியம், துத்தநாகம் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். கடைசிப் பக்கத்தில் நச்சு நீக்கும் மருந்துகளின் விலைப்பட்டியல். பெயர் சொல்லி அழைத்தால் பையன் திரும்பிப் பார்க்கிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, அவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று அந்த மேசையில் எவரும் கேட்டிருக்கவில்லை.

தலைமுடிப் பரிசோதனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2001இல் அமெரிக்காவின் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், நலமாக இருந்த ஒரே ஒருவரின் முடியைப் பிரித்து ஆறு வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். பல தாதுக்களுக்கு ஓர் ஆய்வகம் தந்த அளவுக்கும் இன்னோர் ஆய்வகம் தந்த அளவுக்கும் பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு இருந்தது. எது இயல்பான அளவு என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. காசுக்குப் பிடித்த கேடு என்று இதை விட்டுவிடவும் முடியாது, ஏனெனில் அறிக்கையின் பின்னால் மருந்து வருகிறது. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லி இரத்த நாளம் வழியே ஏற்றப்பட்ட மருந்தால் 2005இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். இரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கி இதயம் நின்றது.

இப்படிப்பட்ட கடைகளை நம் மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதை யோசித்தால், அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பரிசோதனையை நம்பி உயிர் பிழைத்த மாநிலம் இது. விரல் நுனியில் ஊசி குத்தி எடுத்த ஒரு சொட்டில் எச்.ஐ.வி. தெரிந்தது, மருந்து கிடைத்தது, ஆட்கள் எழுந்து நடந்தார்கள். 2011 முதல் நம் நாட்டில் பரவலாக்கப்பட்ட ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி, வாரக்கணக்கில் காத்திருந்த காசநோய் முடிவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தந்தது. வடக்கே உம்கன்யாகூடே பக்கம் மலேரியாவை ஒரு சிறு பட்டை காட்டிக்கொடுக்கிறது. இவற்றையெல்லாம் கண்ட ஒருவர், ஆட்டிசத்துக்கும் அப்படியொரு பட்டை இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறு என்ன? ஆனால் அந்த நோய்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கிருமி இருக்கிறது. கிருமி இருக்கிறது அல்லது இல்லை. பரிசோதனை அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்கிறது. ஆட்டிசத்தின் பின்னால் அப்படி ஒற்றைப் பொருள் எதுவும் இல்லை.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவர்களுடைய பேச்சையும் விளையாட்டையும் பிறரோடு பழகும் விதத்தையும் கவனித்துத்தான் எழுதினார். எண்பது ஆண்டுகள் கழிந்தும் அடிப்படை மாறவில்லை. 2013இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் ஆட்டிசம் என்பது, பிறரோடு தொடர்புகொள்வதில் உள்ள வேறுபாடும், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், குறுகிய ஈடுபாடுகள், ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றில் மிகுதியான அல்லது குறைந்த உணர்வு ஆகியவையும் சேர்ந்த ஒன்றாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதாவது அந்தப் பெயரே நடத்தையைப் பார்த்து வைக்கப்பட்ட பெயர். அதே நடத்தைக்கு ஒரு குழந்தையிடம் ஒரு மரபணு காரணமாக இருக்கலாம். இன்னொரு குழந்தையிடம் நூற்றுக்கணக்கான சிறு மரபு வேறுபாடுகளின் கூட்டு காரணமாக இருக்கலாம். மூன்றாவது குழந்தையிடம் காரணம் என்னவென்றே கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

இதை வைத்து ஆட்டிசத்துக்கு உயிரியல் அடிப்படையே இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்க மாட்டேன். தாய் அன்பு காட்டாததால் பிள்ளை இப்படி ஆனது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லி எத்தனையோ தாய்மாரை வதைத்தார்கள். அந்தப் பழியைத் துடைத்தது உயிரியல்தான். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இருபத்தொரு இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த பதினொரு இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த பத்து இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஐந்து நாடுகளில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான கணக்கு, ஆட்டிசம் வருவதில் காணும் வேறுபாட்டில் எண்பது விழுக்காடு அளவுக்கு மரபு சார்ந்தது என்று காட்டியது. அதற்கடுத்த ஆண்டு, 35,584 பேரின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, ஆட்டிசத்தோடு வலுவான தொடர்புள்ள 102 மரபணுக்களை இனங்கண்டது. நூற்றிரண்டு என்ற அந்த எண்ணிக்கையே, ஒரு சொட்டு இரத்தத்தில் ஆம் இல்லை என்று பதில் தேடுவோருக்குப் போதிய விடை என்று நினைக்கிறேன்.

மரபணுப் பரிசோதனை பயன்படும் இடங்கள் உண்டு. குடும்பத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஆண்கள் இருந்தால் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணு நோய்க்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று இருநூறு முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து அந்த மரபணு அடங்கிவிடுவதால் வருவது அது. தோலில் வெளிறிய இலை வடிவத் திட்டுகளும் வலிப்பும் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இருப்பது தெரிந்தால் சிறுநீரகத்தையும் மூளையையும் தொடர்ந்து கவனித்துவர முடியும். ஒன்றரை வயது வரை நன்றாக வளர்ந்து, பிறகு கையால் பொருளைப் பிடிக்கும் திறனையே இழந்து கைகளைப் பிசைந்துகொண்டிருக்கும் பெண் குழந்தைக்கு ரெட் நோய்க்குறியை நினைவில் வைக்க வேண்டும். குரோமோசோம் துண்டுகள் கூடியோ குறைந்தோ இருப்பதைக் காட்டும் மைக்ரோஅரே பரிசோதனை, ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் காரணத்தைச் சொல்கிறது. கவனியுங்கள்: இவையெல்லாம் ஆட்டிசம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அடுத்து வரும் பரிசோதனைகள். இருப்பது தெரிந்தபின், ஏன் என்றும், இதனோடு வேறு என்ன நோய் வரக்கூடும் என்றும், அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு என்றும் அறிவதற்காக மருத்துவர் கேட்பவை. பத்தில் ஒன்பது பேருக்கு அதில் ஒன்றும் தென்படாது என்பதால், அறிக்கையில் குறை எதுவும் இல்லை என்று வந்துவிட்டால் ஆட்டிசம் இல்லை என்று பொருளாகாது. இந்த ஒரு செய்தியை விளங்கவைக்க நான் செலவிட்ட மாலைகள் பல.

காரணம் தெரிந்த குழந்தைக்கும் அறிக்கை எதிர்காலத்தை எழுதித் தருவதில்லை. பதினாறாம் குரோமோசோமில் குறிப்பிட்ட ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கும், ஒருவருக்குப் பேச்சு மட்டும் தாமதப்படும், இன்னொருவர் எந்தத் தடையுமின்றிப் படித்து வேலைக்குப் போவார். ஒரே குடும்பத்திலேயே இப்படி நடப்பதுண்டு.

அறிக்கை வீட்டுக்குள் நுழைந்தபின் நடப்பதை, நம் குடும்பங்களை அறிந்தவள் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபணு என்ற சொல் காதில் விழுந்தவுடன், உங்கள் வழியா எங்கள் வழியா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. மாமியார் வீட்டில் மருமகள் குனிந்து நிற்கிறாள். அத்தைமார் தங்கள் பெண்களுக்கு வரன் பார்க்கும்போது இந்தச் செய்தி வெளியே போகக்கூடாது என்று கட்டளையிடுகிறார்கள். வலுவான விளைவுள்ள மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. கரு உருவாகும் நேரத்தில் புதிதாகத் தோன்றியவை. இதைப் பொறுமையாக உட்கார்ந்து விளக்கத்தான் மரபணு ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார். நம் நாட்டில் அவர்கள் மிகச் சிலர். அஞ்சலில் அறிக்கை அனுப்பும் கடைக்கு அப்படி ஒருவர் தேவைப்படுவதேயில்லை.

மரபணுவுக்கு வெளியே தேடப்படும் உயிரியல் குறியீடுகளும், அதாவது ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய உடல் அடையாளங்களும், பல. இரத்தத்தில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் கூடியிருப்பது 1961லேயே கவனிக்கப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்களில் நான்கில் ஒருவர் அளவில் அது காணப்படுகிறது. மற்ற மூவரிடம் இல்லாததால் அறுபது ஆண்டுகளாகியும் அது பரிசோதனையாக மாறவில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காளோ இருக்கும் கைக்குழந்தைகளை ஆறு மாதத்திலும் ஒரு வயதிலும் தூங்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தது. மூளை மேற்பரப்பின் பரப்பளவு அந்த இடைவெளியில் வளர்ந்த வேகத்தைக் கொண்டு, இரண்டு வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்களில் 88 விழுக்காட்டினரைக் கணினி முன்கூட்டியே சரியாகச் சொன்னது. வியக்கத்தக்க வேலைதான். ஆனால் ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகள் அதில் முப்பத்துநான்கு பேரே, அனைவரும் முன்பே வாய்ப்பு மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மூளையின் மின் அலைப் பதிவில், ஒரு முகத்தைப் பார்த்து ஏறத்தாழ 170 மில்லிநொடியில் எழும் அலை ஆட்டிசம் உள்ளவர்களிடம் சராசரியாகச் சற்றுத் தாமதிக்கிறது என்பது இன்னொன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் அதைத் தன் உயிரியல் குறியீட்டுத் தகுதித் திட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டது. அதுவும் மருந்து ஆய்வுகளில் பங்கேற்போரைப் பிரித்தறியும் நோக்கத்துக்காக மட்டுமே. தனியொரு பிள்ளையின் நோயறிதலுக்காக அன்று. குறியீடு என்ற ஒரே சொல்லுக்குள் இப்படிப் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. வாய்ப்பைச் சொல்வது ஒன்று, கண்டறிவது ஒன்று, மருந்துக்குப் பலன் இருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. விற்பவர்கள் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள்.

இவற்றுள் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியே மருத்துவமனை வாசல்வரை வந்திருப்பது. பிறந்து இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில், பின்னால் ஆட்டிசம் என்று அறியப்பட்ட குழந்தைகள் பிறர் கண்களைப் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே போகிறது என்று வாரன் ஜோன்ஸும் அமி கிளினும் 2013இல் எழுதினார்கள். அந்த வழியில் உருவான கருவிக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, தேர்ந்த மருத்துவரின் கையில், அவருடைய முடிவுக்குத் துணையாக மட்டும். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், ஆறு சிறப்பு மருத்துவமனைகளில் 475 குழந்தைகளிடம் அதைச் சோதித்திருந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் 71 விழுக்காட்டினரை அது பிடித்தது, இல்லாதவர்களில் 80.7 விழுக்காட்டினரை இல்லை என்று சரியாகச் சொன்னது.

நேர்மையாக அளந்து வெளியிடப்பட்ட எண்கள் இவை. இவற்றை வைத்து, இதே கருவியை நம் கோவில் முகாமுக்குக் கொண்டுவந்து ஆயிரம் குழந்தைகளைச் சோதிப்பதாக ஒரு கணக்குப் போடுவோம். நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று கொண்டால், அந்த ஆயிரத்தில் பத்துக் குழந்தைகள். கருவி அவர்களில் ஏழு பேரைப் பிடிக்கும். மூன்று பேரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும். மீதியுள்ள 990 பேரில் 19.3 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 191 பேரை, ஆட்டிசம் இருக்கக்கூடும் என்று தவறாகச் சொல்லும். ஆக 198 குடும்பங்கள் அச்சத்தோடு வீடு திரும்பும். அவற்றுள் ஏழுக்கு மட்டுமே அந்தச் செய்தி பொருந்தும். சிறப்பு மருத்துவமனையில் ஏற்கெனவே ஐயத்தோடு வந்த பிள்ளைகளிடையே பயன்படும் ஒன்று, திருவிழாக் கூட்டத்தில் ஏன் பயன்படாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. உலகிலேயே நன்றாக ஆராயப்பட்ட கருவிகளில் ஒன்றின் நிலை இது. தன் எண்களை எங்குமே வெளியிடாத ஒரு கடையின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் நாங்கள் செய்வது குறையற்றதா என்று கேட்டால், இல்லை. நோயறிதல் அறையில் நடப்பது பார்ப்பவர் கண்ணுக்கு விளையாட்டாகத்தான் தோன்றும். சோப்புக் குமிழி ஊதிக் காட்டிவிட்டு, குப்பியை இறுக மூடிப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒன்றும் பேசாமல் காத்திருப்போம். ஒரு பிள்ளை குப்பியை நீட்டி, நம் முகத்தைப் பார்த்து, மறுபடி குப்பியைப் பார்க்கும். இன்னொரு பிள்ளை நம் முகத்தைப் பார்க்காமலேயே நம் கையைப் பிடித்து, ஒரு கருவியை வைப்பதுபோல் மூடியின்மேல் வைக்கும். அந்தச் சில நொடிகளில் தெரிவது எந்த இரத்த மாதிரியிலும் தெரிவதில்லை. ஆனால் அதைப் படித்தறியப் பயிற்சி பெற்றவர்கள் அரசுத் துறையில் குறைவு, தனியாரிடம் கட்டணம் மிகுதி, வரிசை நீளம். பகலெல்லாம் இசிசூலு மொழி பேசும் பணிப்பெண்ணிடமும், மாலையில் தமிழ் கலந்து பேசும் ஆயாவிடமும் வளரும் ஒரு பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பேச்சு வரவில்லை என்று எழுதிவிடும் பிழையும் நடக்கிறது. கூச்சத்தையும் ஆட்டிசத்தையும் பிரித்தறிவதில், அதிலும் பெண் பிள்ளைகளிடம், தேர்ந்தவர்களே தடுமாறுவதுண்டு. ஆகவே மொழி சாராத, ஆளுக்கு ஆள் மாறாத ஓர் உயிரியல் குறியீடு நோயறிதலுக்குத் துணையாக வருமானால் அதை வரவேற்பவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆய்வு நடக்க வேண்டும். நம் மக்களும் அதில் இடம்பெற வேண்டும்.

ஏனெனில் இதுவரை நான் சொன்ன மரபணு எண்களில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்து பெறப்பட்டவை. 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நம்மிடம் ஒரு மரபணு மாற்றம் தென்பட்டால், அது நம்மவர்களிடம் இயல்பாக இருப்பதா, தீங்கானதா என்று ஒப்பிட்டுச் சொல்லப் போதிய பதிவு இல்லாமல், பொருள் தெளிவற்ற மாற்றம் என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். ஆப்பிரிக்க மக்களின் நிலை இன்னும் மோசம். உலகிலேயே மரபணு வேறுபாடு மிகுந்தவர்கள் அவர்கள், ஆய்வுகளில் மிகக் குறைவாக இடம்பெறுபவர்களும் அவர்களே. கேப் டவுன் பல்கலைக்கழகத்திலும் கென்யாவின் கிலிஃபியிலுமாக நடந்துவரும் நியூரோடெவ் போன்ற ஆய்வுகள் இந்தக் குறையைத் தீர்க்க முனைகின்றன. நாளை அதுபோல் ஓர் ஆய்வுக் குழு நம் அமைப்புகளின் கதவைத் தட்டினால், கடைக்காரருக்குச் சொல்லும் பதிலை அவர்களுக்கும் சொல்லிவிடாதீர்கள். அதேசமயம், கேட்க வேண்டியதைக் கேளாமல் கதவைத் திறந்துவிடவும் வேண்டாம்.

உடலை அளந்து ஆளின் விதியை எழுதுவது என்ன என்பதை இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், தலைமுடியில் பென்சிலைச் செருகி அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து இனம் பிரித்த அலுவலர்களைப் பற்றிப் பேசும் மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வரலாற்றுக்குப் பிறகு எழுதப்பட்டதால்தான், ஒருவரின் அறிந்த இசைவின்றி அவர்மேல் மருத்துவ ஆய்வோ அறிவியல் ஆய்வோ நடத்தக்கூடாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இடம்பெற்றிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுச் சட்டம், குழந்தைகளை ஆய்வில் சேர்ப்பதற்குப் பெற்றோரின் இசைவோடு, விளங்கிக்கொள்ளக்கூடிய வயதென்றால் அந்தக் குழந்தையின் இசைவும் வேண்டும் என்கிறது. இந்நிலத்தின் தொல்குடிகளான சான் மக்கள் இதில் நமக்கெல்லாம் முன்னோடிகள். தங்கள் மரபணுக்களைக் கேட்டு வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தால் மனம் கசந்து, மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை ஆகிய ஐந்தையும் அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு நெறிமுறைக் கோவையை 2017இல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அதைவிடப் பெரிய ஆவணம் ஒன்றைத் தமிழ் அமைப்புகள் புதிதாக எழுத வேண்டியதில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற ஆய்வாளரிடம் ஒவ்வொரு தலைப்பாகக் கேட்டாலே போதும். மாதிரி எந்த நாட்டுக்குப் போகிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், முடிவு குடும்பத்துக்குத் திரும்பி வருமா, நிறுவனங்களுக்கு விற்பார்களா?

ஆய்வாளரிடம் இப்படிக் கேள்வி கேட்கும் கூட்டத்துக்கு ஆட்டிசம் உள்ள பெரியவர்களையும் அழைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பத்தாயிரம் பேரின் மரபணுக்களைத் திரட்டும் நோக்கோடு தொடங்கிய ஸ்பெக்ட்ரம் 10கே என்ற ஆய்வு, அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. தங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் தடுக்கவே இந்தத் தகவல் ஒருநாள் பயன்படுமோ என்று ஆட்டிசம் உள்ளவர்களே அஞ்சிக் குரல் கொடுத்தார்கள். பெற்றோருக்கு வரும் ஐயங்களும் அவர்களுக்கு வரும் ஐயங்களும் ஒன்றல்ல. நம் சமூகத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெயர் வைக்கப்படாமலே, தனியாள், பிடிவாதக்காரர், ஒருமாதிரியானவர் என்று சொல்லப்பட்டு முதுமை எய்தியவர்களும் இருக்கிறார்கள்.

இனி அந்த வெள்ளைத் துணி விரித்த மேசையை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் அங்கே ஒரு செவித்திறன் பரிசோதகரை அமர்த்துங்கள். பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதற்பரிசோதனை செவிச் சோதனைதான். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் அதைச் செய்யும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் பரவவில்லை. காதில் சீழ் கட்டிப் பாதி கேட்காமல் இருந்த பிள்ளைகளை ஆட்டிசம் என்று முடிவுகட்டிக் கூட்டிவந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு தரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைத் திருவிழாவுக்கு எடுத்துவரச் சொல்லி அறிவியுங்கள். தடுப்பூசிப் பக்கத்தை எல்லோரும் காட்டுவார்கள். பார்வை, செவி, பேச்சு, நடத்தை, கைகால் அசைவு என்று வயதுவாரியாகக் கேட்கும் வளர்ச்சிப் பக்கம் பல புத்தகங்களில் வெறுமையாக இருக்கும். ஒரு சிஸ்டர் (செவிலியர்) அந்தப் பக்கத்தைத் தாயோடு உட்கார்ந்து நிரப்பினால் பத்து நிமிடம் ஆகும். ஐயமிருந்தால் கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் அன்றே எழுதித் தரலாம். டர்பனில் இயங்கும் ஆக்‌ஷன் இன் ஆட்டிசம் போன்ற அமைப்புகளின் முகவரியையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். பராமரிப்பு உதவித்தொகை கேட்டு அரசின் சமூக உதவித்தொகை முகமையான சாசா அலுவலகத்துக்குப் போகும் பெற்றோரிடம் அவர்கள் கேட்பதும் மருத்துவ மதிப்பீட்டைத்தான். கடை தந்த வண்ண அறிக்கையை அங்கே எவரும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

நன்கொடை தருகிறார்கள், எப்படி மறுப்பது என்று சில பொறுப்பாளர்கள் தயங்குவதும் எனக்குத் தெரியும். மறுக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டாலே போதும். இந்தப் பரிசோதனையை எந்த வயதுக் குழந்தைகளிடம், எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? ஆட்டிசம் உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைத் தவறாகச் சொன்னது? எந்த மருத்துவ இதழில் வெளிவந்தது? முடிவை விளக்கப் பதிவு பெற்ற மருத்துவர் யார்? பரிசோதிப்பவரே மருந்தும் விற்கிறாரா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தருபவருக்கு நானே மேசை துடைத்துக் கொடுக்கிறேன்.

அடுத்த காவடிக்கான முகாம் ஏற்பாடுகளைப் பல குழுக்கள் இந்நேரம் தொடங்கியிருக்கும். இடம் ஒதுக்கும் கூட்டத்துக்கு முன்பாக இம்மடலைக் குழுவின் பார்வைக்கு வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செவிச் சோதனைக்கும் வளர்ச்சிப் பக்கம் நிரப்புவதற்கும் ஆள் தேவைப்பட்டால், நானும் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற சிலரும் ஊதியமின்றி வருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: எங்கள் மேசையைத் தவிலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எட்டாத ஓர் அறையில் போடுங்கள், செவிச் சோதனைக்கும் அது தேவை, வருகிற பிள்ளைகளுக்கும் அது தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்